கிளம்பாத கார்

"தம்பி, நீங்களாவது என்னன்னு பாருங்க. இவர் துருப்பிடிச்சுக் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிட்டு வந்து, வருஷக்கணக்கா சுரண்டறார், தேய்க்கறார், பெயிண்ட் அடிக்கறார். பளபளன்னு ஆயிடுச்சு, கிளம்பத்தான் மாட்டேங்குது" என்று மெக்கானிக்கிடம் அலுத்துக்கொண்டாள் அவன் நண்பனின் மனைவி.

"நான் கண்ணை மூடறதுக்குள்ள அதுல ஒரு சுத்து போயிடணும்ப்பா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் நண்பனின் அம்மா.

மெக்கானிக், நண்பனோடு கார் ஷெட்டுக்குள் போனான். எஞ்சினுக்கு வேண்டியவை காற்று, பெட்ரோல், தீப்பொறி. முதல் இரண்டும் ஒழுங்காக வந்தன. பொறிதான் வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தான். நாலு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரோட்டரைக் காணோம். கட்டைவிரல் அளவுதான், ஆனால் அது இல்லாமல் இந்த எஞ்சின் உயிர் பெறாது.

"டேய், இது தானா விழாதுடா. எவனோ கழட்டியிருக்கான்!"

நண்பன் கதவைச் சாத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து ரோட்டரை எடுத்துக் காட்டினான்.

"கத்தாதே. வண்டி போன வருஷமே ரெடி."

"பின்னே ஏன்டா இந்த நாடகம்?"

"வண்டியில எத்தனை சீட்டு?"

"ரெண்டு."

"ஓட்டறது நான். மிச்சம் ஒரு சீட்டு. முதல் சவாரி தனக்குத்தான்னு அம்மாவும் இருக்காங்க, அவளும் இருக்கா. நான் யாரை ஏத்தறது, சொல்லு?"

கதவு தட்டப்பட்டது.

"என்ன ஆச்சு?" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

எந்த வண்டியையும் எழுப்பிவிடுவான் என்று பேர் வாங்கிய மெக்கானிக், வாழ்க்கையில் முதல்முறையாகக் கையை விரித்தான்.

"நம்மால ஆகாதுங்க, அண்ணி!"