ஆட்டத்துக்கு முன்பு தேடுவது

காட்டுக் கல்லூரியின் கால்பந்து அணிக்குக் கிடாதான் கோச். ஆட்டம் தொடங்கும் முன் அணி முழுவதும் குனிந்து புல்லில் தேட வேண்டும் என்பது அங்கே வழக்கம். முன்பு கோச்சாக இருந்த கழுதை ஒரு நாள் மைதானத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தது. அணியே குனிந்து தேடியது, அன்றைக்கு ஜெயித்தது. அதிலிருந்து தேடுகிறார்கள். கண்ணாடி அன்றே கிடைத்துவிட்டது என்பது கிடாவுக்குத் தெரியும்.

இறுதி ஆட்டத்தன்று கோல்கீப்பர் குரங்கு மட்டும் நிமிர்ந்தே நின்றது.

"என்ன மாஸ்டர் தேடுறோம்? சொன்னா நானும் தேடுறேன்."

"பெரிய வக்கீலு! குனிஞ்சு தேடுடா."

"எதைன்னு தெரியாம எப்படி மாஸ்டர் தேடுறது?"

கிடா அதை வெளியே உட்காரவைத்தது. வேறு கீப்பர் இல்லாததால் ஆமையைக் கோலில் நிறுத்தியது. மூன்றாவது கோல் விழுந்தபோது, ஆமை முதல் பந்தைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தது.

இடைவேளையில் குரங்கு ஓடிவந்து மண்டியிட்டு, இரண்டு கையாலும் புல்லைத் துழாவியது.

"தேடுறேன், பாருங்க மாஸ்டர். என்னை இறக்கிவிடுங்க. கோப்பை போயிடும்."

குரங்கை இறக்கினால் இன்னும் ஜெயிக்கலாம் என்று கிடாவுக்கும் தோன்றியது. அணி முழுவதும் கிடாவின் வாயையே பார்த்தது.

"போய் உட்காரு."

"அதான் தப்புன்னு ஒத்துக்கிட்டேனே மாஸ்டர்!"

"நானும்தான் ஒத்துக்கிட்டேன்," என்றது கிடா. "கழுதை மாஸ்டர்கிட்ட இதே கேள்வியைக் கேட்டுட்டு, மூணு வருஷம் வெளியே உட்கார்ந்திருந்தேன். நீ உட்கார்ந்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகலையேடா."