வெள்ளரிப் பாத்தி

“இனிமே இந்த வீட்டுல ஒண்ணு உன் கோழிங்க இருக்கணும், இல்லன்னா என் வெள்ளரி இருக்கணும். நீயே முடிவு பண்ணு.”

கயிற்றுச் சுருளோடு கொல்லை வாசலில் நின்று சொன்னார் சர்வேயர். ஓய்வுபெற்று மூன்று மாதம் ஆகிறது. அளக்க வேறு நிலம் கிடைக்காமல் வீட்டுக் கொல்லையை அளக்க ஆரம்பித்திருந்தார். குச்சி அடித்து, கயிறு கட்டி, விரல்கடை இடைவெளி விட்டு மூன்று தடவை வெள்ளரி விதைத்தாயிற்று. மூன்று தடவையும் அவர் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் ஏழு கோழிகளும் பாத்தியைத் துவம்சம் பண்ணிவிட்டன.

அவர் மனைவி தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள். ஏழும் குஞ்சிலிருந்து அவள் வளர்த்தவை. அதிலும் அந்தக் கொண்டைக்காரி இருக்கிறாளே, தையல் மிஷினை மிதிக்கும் சத்தம் கேட்டால் போதும், காலடியில் வந்து படுத்துக்கொள்வாள்.

“இத்தனை நாளா அவிழ்த்துவிட்டுத்தானே வளர்க்கறேன்? பக்கத்துல இருக்கிற என் கத்தரிச் செடிய ஒரு கொத்து கொத்தினதில்லங்க. உங்க பாத்தியில மட்டும் அப்படி என்னதான் இருக்கோ.”

“விதை இருக்கு. மக ஆசையா காயவச்சு, நீல மூடி டப்பாவுல போட்டுக் கொடுத்த விதை.”

மகளைப் பேச்சில் இழுத்தால் மனைவி எதிர்த்துப் பேசமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். வலை கட்டலாம் என்றாள். கயிற்றுக்கு இடைஞ்சல் என்றார். சாயங்காலம் மட்டும் திறந்துவிடுகிறேன் என்றாள். பகலெல்லாம் கத்தியே உயிரை வாங்கும் என்றார். கடைசியில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய், அவை எதைத்தான் பொறுக்குகின்றன என்று பாருங்களேன் என்றாள். அதுதான் தப்பாய்ப் போயிற்று. முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்த கண்ணுக்குக் கண்ணாடியா என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, கோழிகளைப் பிடித்துப் போகச் சொல்லி முட்டைக்கடைக்காரருக்கு அப்போதே போன் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்காரர் பெரிய கூடையோடு வந்து நின்றார். சர்வேயர் நாலாவது தடவையாகக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் இருங்கண்ணே. கடைசியா ஒரு வாய் தீனி போட்டுடறேன்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைக்குப் போனாள் அவள். கோழிக்கு வைத்திருந்த குருணை டப்பா காலி. அடுத்த மாதத்துக்கென்று நிரப்பி வைத்திருந்த நீல மூடி டப்பாவை மேல்தட்டிலிருந்து இறக்கித் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே கொல்லைக்கு வந்தாள். கயிற்றோரம் குத்தவைத்து உட்கார்ந்து, இன்னொரு நீல மூடி டப்பாவிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்து ஊன்றிக்கொண்டிருந்தார் கணவர். கொண்டைக்காரி இரண்டடி தள்ளி, தன் முறைக்குக் காத்திருந்தாள்.

“அண்ணே, நீங்க கூடைய எடுத்துட்டுக் கிளம்புங்க” என்றாள் கடைக்காரரிடம். பிறகு டப்பாவைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். “மக கொடுத்த வெள்ளரி விதை ஒண்ணு குறையாம இதோ இருக்கு. கயிறு புடிச்சு, விரல்கடை விட்டு, மூணு தடவையும் நீங்க குருணை அரிசியைத்தான் என் கோழிங்களுக்கு வரிசையா பந்தி பரிமாறியிருக்கீங்க.”