டாக்டரின் கோட்டுப் பட்டன்

கணையப் புற்றுக்கு முதலில் ஏற்றிய மருந்து இனிமேல் கேட்காது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அடுத்து இரண்டு மருந்துகள் உண்டு. மஞ்சள்காமாலை இருப்பதால் ஒன்றைக் கொடுக்க முடியாது. மற்றது விரல்களை மரத்துப்போகச் செய்யும், அதைக் கொடுக்க விரல்களில் இப்போது உணர்ச்சி இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வலிக்கு மட்டும்தான் மாத்திரை.

“சட்டை பட்டனெல்லாம் நீங்களே போட்டுக்கிறீங்களா?”

“நானேதான் டாக்டர்,” என்றார் சவரிநாதன்.

அவர் மனைவி எலிசா தலை குனிந்தாள். காலையில் அந்தப் பட்டன்களைப் போட்டுவிட்டவள் அவள்தான். “டாக்டர் கேட்டா நானே போட்டுக்கிட்டேன்னு சொல்லு, என்னா?” என்று சவரிநாதன் அப்போதே சொல்லிவைத்திருந்தார்.

டாக்டர் நாற்காலியை இழுத்து அவருக்கு முன்னால் உட்கார்ந்தார். தன் வெள்ளைக் கோட்டில் ஒரு பட்டனைக் கழற்றினார்.

“இதப் போட்டு விடுங்க, பாப்போம்.”

சவரிநாதன் சிரித்துக்கொண்டே, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குப் போட்டுவிடுகிறவரைப் போல முன்னால் சாய்ந்தார். பட்டன் விரலிடுக்கில் வந்தது, நழுவியது, மறுபடி வந்தது. அதைப் பிடித்திருக்கிறோமா என்பதே கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரிந்தது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

“வந்துட்டு டாக்டர். இந்தா, வந்துட்டு.”

மடியில் எலிசாவின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத ஒரு பட்டனைப் பிடித்து, இல்லாத ஓட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. டாக்டர் தன் கோட்டைப் பார்க்கவில்லை, அவள் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நிறுத்தப் பார்த்தாள். விரல்கள் நிற்கவில்லை.