சாவிக்கொத்துக் கச்சேரி

ஓக்லாந்து நகரில், இறந்தவர்களின் அஸ்தியைக் கண்ணாடி மாடங்களில் வைத்திருக்கும் மண்டபத்தில், கோடையின் மிக நீண்ட பகலன்று வருஷா வருஷம் கச்சேரி நடக்கும். ஓர் அறையில் ஒருவர் வாளியைத் தட்டுவார், அடுத்த அறையில் இன்னொருவர் ரம்பத்தின் மேல் பிடில் வில்லை இழுப்பார். கேட்டால் புதுமை இசை என்பார்கள்.

நான் என் மனைவி ரோவீனாவின் அஸ்தி இருந்த மாடத்தின் முன்னால் நின்று கத்தினேன்.

"இந்த இரைச்சலுக்கு நடுவுலதான் உன்னை வைக்கணும்னு அடம்பிடிச்சியே! இப்போ திருப்திதானா?"

ஆத்திரத்தில் சாவிக்கொத்தால் மாடத்தின் கண்ணாடியைத் தட்டினேன். திரும்பினால், பின்னால் ஒரு கூட்டம்.

"ஷ்ஷ்! போனை அணைங்க, ஆரம்பிச்சுட்டார்," என்றாள் ஒருத்தி.

"என்னத்தம்மா ஆரம்பிச்சேன்? போங்க இங்கேருந்து!"

கை தட்டினார்கள். தாடிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம் சார்! இத்தனை வருஷமா எங்கே இருந்தீங்க?"

"இதே மூலையிலதான்யா இருந்தேன்! என் பெண்டாட்டி சாகிறவரைக்கும் வருஷா வருஷம் இங்கே உட்கார்ந்து வாசிச்சா. என்னைத் தவிர ஒரு நாய்கூட நின்னு கேக்கல. உங்கள்ல ஒருத்தராவது அவளுக்குக் கை தட்டினீங்களா?"

தாடிக்காரர்தான் முதலில் கை தட்டினார்.

பிறகு எழுந்த கைதட்டலில் ரோவீனாவின் மாடத்துக் கண்ணாடி அதிர்ந்தது.