சென்குப்தாவின் வைத்தியம்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் காளிகாட் காளி என் நாக்கை எடுத்துக்கொள்ளட்டும்.

கல்கத்தாவின் டாக்குரியா பேட்டையில் குடியிருக்கும் கோவிந்தராஜனும் எதிர் ஃபிளாட் சென்குப்தாவும் ராணுவத்தில் லாரி ஓட்டியவர்கள். கண்ணிவெடியில் சிக்கியது சென்குப்தாவின் லாரி. அவரைச் செவ்வாய்தோறும் மனநல டாக்டரிடம் கூட்டிப்போவது கோவிந்தராஜனின் வேலை.

"போன காளி பூஜைக்கு வெடிச் சத்தம் கேட்டு ஹௌரா வரைக்கும் ஓடினார், ஷியாமளா. வழியில ரெண்டு டிராமை முந்திட்டார்!"

"இப்ப எப்படி இருக்கார்?" என்றாள் மனைவி.

"லாரி வெடிச்ச கதையையே டாக்டரம்மா வாராவாரம் சொல்லச் சொல்றாங்க. முதல்ல பாதியிலயே எழுந்து வந்துட்டார். இன்னிக்கு முழுசா சொல்லி முடிச்சார்."

"அப்போ இந்தக் காளி பூஜைக்கு ஓட மாட்டாரா?"

"மொட்டை மாடியில நின்னு வேடிக்கை பார்ப்பாராம்."

"நானும் பக்கத்துல நிப்பேன்னு சொல்லுங்க." ஷியாமளா தண்ணீரை நீட்டினாள். "இந்தாங்க, அவரோட மாத்திரையை முழுங்குங்க."

கோவிந்தராஜன் வாங்கி விழுங்கினார்.

எதிர் ஃபிளாட்டுக்கு இன்றுவரை யாரும் குடிவந்ததில்லை.