ஞாயிற்றுக்கிழமை அலைவரிசை

"ரேடியோ செட்டை வித்துடப் போறேன். உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க," என்றாள் டோரதி.

பூசை முடிந்து சைக்கிளை எடுக்கப் போன விக்டர் அப்படியே நின்றுவிட்டார். பரீட்சை எழுதி, ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் தானே ஏறி ஆண்டெனா கட்டிய டீச்சரம்மா. ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"ஏங்க, என்னாச்சு?"

"நீங்களும் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தெருவுக்கு ஒரு வீட்டில் போன் இருந்தாலே பெரிசு என்றிருந்த எண்பதுகள் அவை. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் திருச்சி ஹாம்கள் ஞாயிறு காலையில் ஒரே அலைவரிசையில் கூடி அரட்டை அடிப்பார்கள். ஒருவர் மைக் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்றவர்கள் கேட்க வேண்டும். கைலாசபுரம் இன்னாசிராஜ் அழுத்தினாரோ, அவ்வளவுதான், லேசில் விடமாட்டார். பேசும்போது அடுத்தவர் குரல் அவருக்குக் கேட்கவும் கேட்காது.

டோரதி வாயைத் திறந்தால் மட்டும் குறுக்கே பாய்வார். அவர் செட்டுக்குச் சக்தியும் அதிகம். அவள் குரல் அமுங்கிப் போகும்.

"தங்கச்சி, ஆண்டெனா விஷயமெல்லாம் உங்களுக்குப் புரியாது. வீட்ல ஆம்பளை யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க," என்பார்.

"ரெண்டு வார்த்தை பேச விடலைன்னா எனக்கு எதுக்குங்க ரேடியோ?" டோரதிக்குக் கண் கலங்கிவிட்டது.

விக்டர் தலையைச் சொறிந்தார். "அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுங்க. அவர் ஆரம்பிச்சதும் அலைவரிசைக் குமிழைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பாருங்க. அப்புறமா விக்கலாம்."

அடுத்த ஞாயிறு இன்னாசிராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். டோரதி வேண்டாவெறுப்பாகக் குமிழைத் திருப்பினாள்.

அடேயப்பா! மொத்தக் கூட்டமும் அங்கேதான் இருந்தது. விக்டர், லூர்து, திருவெள்ளறை அழகிரி, எல்லாரும். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். முறை பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு பெண் குரல். இடைவெளி பார்த்து டோரதி பொத்தானை அழுத்தித் தன் பெயரைச் சொன்னாள்.

"வாங்க டோரதி. கே.கே. நகர்லேர்ந்து செல்வமேரி பேசுறேன். நீங்க சொல்லுங்க."

டோரதி சொன்னாள். ஆண்டெனாவை எப்படிக் கட்டினாள், காற்றில் அது எப்படி அறுந்தது, மறுபடி கட்டியதும் யாழ்ப்பாணத்துக் குரல் ஒன்று எப்படி வந்து மாட்டியது என்று ஆசை தீரச் சொன்னாள். ஒருத்தரும் குறுக்கே வரவில்லை. அழகிரி சந்தேகம்கூடக் கேட்டார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இந்த செட்டையா விற்கப் பார்த்தோம்!

உடனே ஒரு பயமும் வந்தது. "அம்மா, நாம இங்க பேசுறது இன்னாசிராஜ் சாருக்குத் தெரிஞ்சா வம்பாயிடாதா?"

செட்டில் செல்வமேரியின் சிரிப்பு கரகரத்தது.

"பொத்தானை விட்டாத்தானேம்மா எதிர்ல ஆள் இல்லைன்னு தெரியும்! இத்தனை வருஷமா அந்த மனுஷனோட குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமையானா நான் கிளம்பி இங்க என் தம்பி வீட்டுக்கு வந்துடுறேன். அதுவே அவருக்கு இன்னும் தெரியாது."