மடங்காத இருக்கை

ஹைதராபாத் திரைப்பட விழா. எனக்கும் நண்பன் பத்ரிநாராயணனுக்கும் நடுவே ஓர் இருக்கை காலி. ஆள் எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும் வகை. அது மடியாமல் விரிந்திருந்தது.

அடுத்த காட்சியை ஊகிக்கவே முடியாத படம்.

"எழுந்திருடா, ராமச்சந்திராபுரம் கடைசி பஸ் போயிடும். இந்தக் கண்றாவிக்கு முடிவு வேறயா?"

"நீ போ."

நானும் என் மனைவி கல்பகமும் எந்தப் படத்தையும் முடியும்வரை பார்த்ததில்லை. அந்த பஸ்ஸுக்காக எழுந்துவிடுவோம். "ஏன்னா, ஒரு படமாவது முழுசாப் பார்க்கணும்" என்பாள். போன ஆடியில் இறந்துபோனாள்.

பத்ரி இருட்டில் அந்த இருக்கையைக் கடந்தான்.

"ஸாரிம்மா, காலை மிதிச்சுட்டேன்."

நான் அசையவில்லை. படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. அதன் பிறகுதான் இருக்கை மெல்ல மடிந்தது.